எருமைக் கொம்புக்கு அடித்த ஆணி

துவக்கு எண்ணெயின் வாசம் எனக்கு இன்றும் சனிக்கிழமையின் வாசம்தான். சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரில் அப்பா வேலை செய்த துப்பாக்கிப் பட்டறையின் சன்னலுக்கு வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, முதலாளி கோப்பி குடிக்கப் போகும் அந்த ஒரு மணித்தியாலம், ஜெர்மன் சரியாக வராத அப்பாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். வயது பத்து, சம்பளம் சொக்கலேட், நேர்மை அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஒரு சனிக்கிழமை ரூடி என்ற கிழவர், தன் தகப்பனின் பழைய இராணுவத் துவக்கைக் கொண்டுவந்தார். அதைப் பெரிய தோட்டா சுடும்படி மாற்றித் தந்தால், ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டையாடி எனக்கு ஒரு கொம்பு தருவாராம். அப்பா தோட்டாவுக்குப் பின்னால் கதவுபோல் பூட்டிக்கொள்ளும் "போல்ட்" என்ற இரும்புத் துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தாங்காது எண்டு சொல்லு" என்றார்.

"அப்பா செய்து தருவார்" என்று ரூடியிடம் சொன்னேன்.

அவர் கைகுலுக்கி, துவக்கை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். "ஏன் வைச்சிட்டுப் போறார்?" என்று அப்பா கேட்க, "எண்ணெய் போடவாம்" என்றேன். அப்பாவும் போட்டார், பாவம், இரண்டு தரம்.

அந்தக் கிழமை முழுவதும் என் கட்டிலைச் சுற்றிப் பனிக்குள்ளால் எருமைகள் நடந்தன. கொம்பு மாட்டச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரூடி வந்து, என் பெருவிரலைவிடத் தடித்த தோட்டா ஒன்றை மேசையில் நிறுத்தினார். அப்பா தோட்டாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போல்டைப் பூட்டி வைத்திருக்கும் இரண்டு சின்ன இரும்புக் காதுகளையும் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காது பழைய தோட்டாவுக்கு அளந்து செய்தது. இந்தப் புதுத் தோட்டாவின்ரை அடி அகலம், பின்னாலை இடிக்கிற பலமும் கூட. காது முறிஞ்சால் போல்ட் இவரின்ரை கண்ணுக்கைதான் வரும். ஒண்டும் விடாமல் சொல்லு."

சொன்னேன்.

"போன கிழமை நீ சொன்னதையும் சொல்லு."

அதையும் சொன்னேன். ரூடி தன் வலக்கண்ணைத் தடவியபடி ஒன்று கேட்டார்.

"நான் அவரைக் கொல்லப் பாத்தனானோ எண்டு கேக்கிறார், அப்பா."

"ஓம் எண்டு சொல்லு. ஒரு கொம்புக்கு."

ரூடி துவக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். எண்ணெய் வாசம் தேடி உள்ளே போன நான், வெட்கத்தில் பத்து விரலுக்கும் பூசிக்கொண்டு வந்தேன். போன மாதம் பழைய வீட்டையும் விட்டோம். அப்பா அந்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைப் பற்பசையால் அடைத்திருந்தார். பழுதுக்குக் காசு பிடிக்க வாடகை வீட்டைப் பார்வையிட வந்தவர் சுவரில் ஓட்டை ஏதும் உண்டா என்று கேட்க, அப்பாவின் ஜெர்மன் மொழி இன்னும் பட்டறைக் கருவிகளின் பெயர்களைத் தாண்டாததால் நான்தான் பதில் சொன்னேன்: இடம், ஆழம், பற்பசை, எல்லாம்.

அப்பா பெருமூச்சு விட்டார். "இதுக்கு நீ பொய் சொல்லியிருக்கலாம், பிள்ளை."