அசல் எஞ்சின்

மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். கொழும்பிலிருந்து வருவார்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் வருவார்கள். படலையைத் திறந்துகொண்டு நேரே ஜீப்பிடம் போவார்கள். என்னிடம் ஒரு வணக்கம் சொல்வதற்கு முன் அதை நாலு படம் எடுத்துவிடுவார்கள். கூரையில்லாத பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்கும், இப்படி ஒன்று இந்தக் கரையில் இன்னும் ஓடுகிறதா என்று வாயைப் பிளப்பார்கள். பிறகு பொனற்றைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். தூக்கியதும் முகம் விழுந்துவிடும்.

"ஐயோ, டீசல் எஞ்சினா? அசல் எஞ்சின் எங்க?"

ஏதோ நான் கொலை செய்துவிட்டதுபோலப் பார்ப்பார்கள். பெற்றோல் கட்டுப்படியாகாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். போன மாதம் வந்த ஒருவர், பழைய வாகனத்தின் உயிரே அதன் அசல் எஞ்சின்தான் என்று அரை மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தார். பொறுமையாகக் கேட்டு, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

செட்டிபாளையத்தில் எங்கள் வீடு பெரிய றோட்டுக்குக் கடல் பக்கம் இருந்தது. சொத்து பெண்பிள்ளைக்கே என்ற எங்கள் பகுதி வழக்கப்படி வீடும், வாவிக்கு அப்பால் பழுகாமத்து வட்டை என்கிற வயல்வெளியில் இருந்த எங்கள் வயலும் அக்காவின் பேருக்குப் போயின. நான் கலியாணம் முடித்து, றோட்டுக்கு வாவிப் பக்கம் இருந்த மனைவியின் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் ஜீப் மட்டும் எனக்கு. அதை நிறுத்த மனைவியின் வளவில் இடமில்லாததால் அக்காவின் வளவிலேயே கிடுகுக் கொட்டிலுக்குள் விட்டேன். உப்புக் காற்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதைத் தின்றுகொண்டிருந்தது.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் வழங்காது. கலியாணம் முடிக்கவில்லை. தையல் மெசினைக் கையால் சுற்றித் தைத்துத்தான் பிழைத்தாள். தோளும் கையும் ஆண்பிள்ளைகளைப்போல இருக்கும். வாய் அதைவிடப் பலம். அப்பா இருந்த காலத்தில் அறுவடைக்கு அவளைத் தூக்கி ஜீப்பின் முன்னிருக்கையில் வைத்து வட்டைக்குக் கொண்டுபோவார். அப்பா போன பிறகு அவள் தன் சொந்த வயலைக் காணவேயில்லை. உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நெல்மூடை மாதிரி ஏத்திக்கொண்டு போகப் போறியா? போனா அப்பாட ஜீப்பிலதான் போவன். இல்லாட்டி வேணாம்" என்றாள்.

சண்டை நிறுத்தம் வந்தபோது ஜீப்பில் கை வைத்தேன். நான் நெல் ஆலையில் எஞ்சின் பார்க்கிறவன், மற்றவர்களின் இரும்பையே திருத்தித் திருத்திச் சலித்தவன். எனக்கென்று ஒரு வேலை கிடைத்ததும் தலைகால் தெரியவில்லை. தளத் தகடு முழுக்கத் துரு, காலை வைத்தால் மண் தெரிந்தது. தார்ப் பீப்பாய்களை வெட்டி, பனங்குற்றியில் வைத்து அடித்துத் தட்டையாக்கி ஒட்டினேன். எலி தின்ற வயர்களை மாற்றினேன். எஞ்சினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அக்காவின் பழைய சேலைத் துண்டுகளில் பரப்பிவைத்தேன். காத்தான்குடியில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம்தான் சாமான் தேடிப் போவேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்.

"இந்தப் பெற்றோல் எஞ்சின வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க தம்பி? வேன்ட டீசல் எஞ்சின் ஒண்டு இரிக்கி. அதத் தூக்கிப் போடுங்களன்."

எனக்குக் கோபம் வரும். அப்பா ஓடிய எஞ்சின், அசலாகவே இருக்கவேண்டும் என்பேன். இன்று வருகிறவர்கள் பேசுவதைத்தான் அன்று நானும் பேசினேன்.

அசலாக விடாமல் மாற்றியது ஒரே ஒரு இடம். சாரதிக்குப் பக்கத்து இருக்கையை அக்காவுக்காகத் தணித்து, அவள் கால் நீட்டும்படி பின்னால் தள்ளினேன். பக்கத் தகட்டை ஆழமாக வெட்டி, கீழே மடித்து விரிக்கும் படி ஒன்று வைத்தேன். கையால் பிடித்து எழும்ப ஒரு குழாயை வளைத்துப் பற்றவைத்தேன். இருக்கைக்கு உறை அவளே தைத்தாள். பின்னேரங்களில் தானாகவே குழாயைப் பிடித்து ஏறி, நிற்கிற ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு வெற்றிலை போடுவாள்.

"நல்ல பஸ்தான். றைவரும் இல்ல, கொண்டக்டரும் இல்ல" என்று போகிறவர்கள் கேட்கும்படி சொல்வாள்.

எஞ்சின் வேலை செய்தது. ஒரு நாள் பிரேக் பார்ப்பதற்காக நான் தனியே சந்திவரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். சந்தியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வந்தார்கள். அந்தக் காலத்தில் ஓடுகிற வாகனம் வைத்திருந்தவனிடம் துவக்கு வைத்திருந்தவர்கள் பல பெயரில் வருவார்கள், எல்லாருக்கும் இரண்டு நாளைக்குத்தான் தேவைப்படும். போன வாகனம் திரும்பாது. அது எனக்குத் தெரியும் என்பதால் முதல் நாளே ஆயத்தமாக இருந்தேன். எஞ்சினில் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர் என்று ஒரு சாமான் உண்டு. பெருவிரல் அளவு, கறுப்பு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அதைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டிருந்தேன். வந்தவர்கள் சாவியைத் திருகினார்கள், கிர் கிர் என்று சுற்றியது. திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்துவிட்டுப் பழுதென்று போய்விட்டார்கள். அவர்கள் மறைந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அன்றிலிருந்து ரோட்டர் என் பொக்கற்றிலேயே இருந்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தச் சாமான என்னட்டத் தாவன். நான் எங்க ஓடப்போறன்?"

"உங்களுக்கு இரக்கம் கூட. ஆரும் வந்து அழுதா எடுத்துக் குடுத்திருவீங்க."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெசினைச் சுற்றத் தொடங்கினாள். அவளை நான் நம்பவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது, ஆனாலும் கொடுக்கவில்லை.

வட்டைக்குக் கூட்டிப்போவதையும் தள்ளித் தள்ளிப் போட்டேன். முதலில் பெயின்ற் அடிக்கவேண்டும் என்றேன். அடித்த பச்சை சரியில்லை என்று சுரண்டி மறுபடி அடித்தேன். "ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்களன், பெயின்ற் பிறகு அடிக்கலாம்" என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. பொங்கல் முடிந்து கதிர் பழுத்ததும் போவோம், அழகாக இருக்கும் என்றேன். அக்கா போட்டுப்போக ஒரு சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் பறுவம். வயலுக்குப் பசளை எறிய விடிய வெள்ளன சைக்கிளில் கிளம்பினேன். குருக்கள்மடத்துத் துறையில் வாகனங்களை ஏற்றி வாவி கடக்கும் மிதவை ஒன்று உண்டு, அதை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டேன். பாதி வயலுக்கு எறிந்திருப்பேன், கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். துறைக்கு ஓடி வந்தால் பாதை ஓடவில்லை. வாவி கலங்கிப் பொங்கிக் கிடந்தது. எதிரே ஊர் தெரிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. பசளைக் கையைச் சேட்டில் துடைத்தபோது ரோட்டர் விரலில் பட்டது.

அக்காவை யாராவது தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் ஒரு தோணிக்காரர் ஏற்றி வந்து விட்டார். மனைவியின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அக்காவின் வீட்டில் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஜீப்பை அடுத்த நாள் கண்டோம். கடல் அதைத் தூக்கி, றோட்டைத் தாண்டி, வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் மூக்குக்குத்த வைத்திருந்தது. போகவேண்டிய திசையில்தான் போயிருந்தது. அக்காவை மூன்றாம் நாள் கண்டார்கள்.

ஜீப்பில் சாவி செருகியபடியே இருந்தது. அது எப்போதும் வீட்டுக்குள், அக்காவின் தையல் மெசினுக்கு மேலே ஆணியில் தொங்குவது. மடித்திருந்த படியும் விரிந்திருந்தது. யாரோ சாவியை எடுத்து, அக்காவை ஏற்றி, திருகிப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். ஊரே அதைத்தான் சொல்லி அழுதுகொண்டிருந்தது, என் பொய் அதற்குள் ஒளிந்துகொண்டது.

ஜீப்பை என் மச்சான், மனைவியின் தம்பி, தன் உழவு மெசினில் கட்டி இழுத்துவந்து எங்கள் வளவில் முருங்கை மரத்தடியில் விட்டான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே போனான். அதற்குள் கோழி அடைகாத்தது. பிறகு சண்டை மறுபடி மூண்டது. அக்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து எங்கள் பள்ளிக்கூடங்களுக்குள் வந்து கிடந்தது. துவக்குக்காரர்கள் வீடு வீடாக வந்தபோதும் அந்தத் துருவை ஒருவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்ததென்று வானொலியில் சொன்ன நாளில் சந்தியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. ஸ்பனரை எடுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனேன். இனி வாகனம் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள், இனி ஒன்றையும் ஒளிக்கத் தேவையில்லை.

இந்தமுறை எஞ்சினைத் திருத்தவில்லை. நாலு ஆணியையும் கழற்றி, இறக்கி, பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தேன். காத்தான்குடி நானா வேனின் டீசல் எஞ்சினைத் தானே ஏற்றிக்கொண்டு வந்து தந்தார். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீசல் எஞ்சினில் ரோட்டர் கிடையாது. மச்சான் உழவு மெசினால் தூக்கிப் பிடிக்க, இறக்கிப் பூட்டினோம். மூன்று மாதம் அவன் என்னோடு நின்றான். எண்ணெய்க் குழாயில் காற்று இருந்ததால் முதல் தரம் சாவியைத் திருகியதும் பிடிக்கவில்லை. கிர் கிர் என்று சுற்றியது. இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம் திருகப் போகையில் மச்சான் என் கையைப் பிடித்தான்.

"வேணாம் மச்சான். இந்தச் சத்தத்த என்னால கேக்கேலாது."

கிணற்றுக் கட்டில் போய் இருந்தான். பக்கத்தில் போய் இருந்தேன். அவன்தான் சொன்னான். அன்று காலையில் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அக்காவுக்கு மீன் கொடுக்கப் போயிருக்கிறான். சனம் ஓடுவதைக் கண்டு அக்காவைத் தூக்கி ஜீப்பில் வைத்து, பிள்ளையை அவள் மடியில் இருத்தி, சாவியைத் திருகியிருக்கிறான். எஞ்சின் சுற்றிச் சுற்றி நின்றிருக்கிறது. அக்கா பிள்ளையைத் தூக்கி அவனிடம் நீட்டியிருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். ஐந்து வருஷமாகக் கேட்காமல் விட்ட கேள்வி.

"'சாமான் அவன்ட பொக்கற்றுக்குள்ள. நீ புள்ளயத் தூக்கிக்கொண்டு ஓடு' எண்டாங்க. மறுகா, 'அவனுக்கு இதச் சொல்லிராத' எண்டாங்க."

இரண்டு பேரையும் சுமக்க அவனால் முடியவில்லை. ஓடினான். அந்தப் பிள்ளை இப்போது சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறாள், என்னைக் கண்டால் மாமா என்று கை காட்டுவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மச்சான் அழுது முடித்ததும் நான் அவனைத் தேற்றியிருக்க வேண்டும். எழுந்து போய் எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். அவன் சுமந்தது என்னுடைய குற்றம் என்று நான் சொன்னது அதற்கும் அடுத்த வருஷம்தான்.

காற்றை எடுத்ததும் எஞ்சின் பிடித்தது. அறுவடை நேரம் ஜீப்பைப் பாதையில் ஏற்றி ஒருமுறை பழுகாமத்து வட்டைக்குப் போனேன். வரம்பில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கதிர் நன்றாகப் பழுத்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது ஜீப் படலையடியில், மூக்கு வாவிப் பக்கம் பார்க்க நிற்கிறது. பற்றரியை வாராவாரம் பார்க்கிறேன். சாவியை அதிலிருந்து நான் எடுப்பதேயில்லை, யார் வேண்டுமானாலும் ஏறித் திருகிக்கொண்டு போகலாம். ஒருவரும் கொண்டுபோகவில்லை.

போன மாதம் வகுப்பெடுத்தவர் போகும்போது ஜீப்பை இன்னொரு தரம் சுற்றிவந்தார். தணிந்த இருக்கையைக் காட்டி, இதையும் கெடுத்துவைத்திருக்கிறீர்களே என்றார். பிறகு மனம் கேட்காமல், பழைய எஞ்சினின் அசல் சாமான் ஏதாவது, சின்னதாக என்றாலும், மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது என் சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது.