நிமிர்த்திய தகடு

சாணார்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே பாய்லருக்குத் தீ கொடுக்கும் எண்ணெய் பர்னரை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் என்னுடையது. மேனேஜர், முதலாளியின் மச்சினன். அதைத் தவிர வேறு தகுதி எதையும் நான் அவனிடம் பார்த்ததில்லை. இருந்தாலும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன்.

ஆயுத பூஜை முடிந்து பத்து நாள் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, பொகை கருகருன்னு வருது. எண்ணெய்ல ஏதோ கலப்படம்."

பத்து நாளும் எண்ணெய்க்காரனோடு மல்லுக்கட்டியிருக்கிறான். பர்னரைப் பார்க்க என்று ஒரு ஆள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

பட்டறை மதிலை ஒட்டி ஒரு பெண்ணின் சம்பங்கித் தோட்டம். நான் போனபோது அவள் கூடையோடு கேட்டில் நின்றிருந்தாள். வெள்ளைப் பூவெல்லாம் கரி.

"பத்து நாளா மார்க்கெட்டுல பூவை எறக்கவே விட மாட்டேங்கிறாகண்ணே. மேனேஜர்கிட்ட சொன்னா, கழுவிக் கொண்டு போங்கிறாரு. பூவைக் கழுவுனா நிக்குமா?"

கழுவிய பூ அழுகிப்போகும் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் பாய்லரின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். பர்னரின் வாயிலேயே உருண்டு நிற்க வேண்டிய தீ, அழுக்குச் சிவப்பாக நீண்டு பின்சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அணைத்து ஆறவிட்டுக் கழற்றினேன். காற்றைச் சுழற்றிவிடும் வட்டத் தகட்டில் இறக்கைகள் எல்லாம் சாய்வாக இருக்கும். ஒன்றுகூடச் சாய்வாக இல்லை. நடுவில் கருகிப்போன ஒரு சந்தனப் பொட்டு.

"யார் சார் இதைத் தொட்டது?"

"நான்தாண்ணே. பூஜைக்குத் தொடைக்கக் கழட்டுனோம். சூட்டுல அம்புட்டும் கோணிப் போயிருந்துச்சு. குறடு வச்சு ஒவ்வொண்ணா நானே நிமித்துனேன். நீங்க இத்தன வருசமா கவனிக்கவே இல்லையே!"

பெருமை வேறு! சாய்வு இருந்தால்தான் காற்று சுழலும், சுழன்றால்தான் சாரலாக விழும் எண்ணெயோடு கலக்கும், இல்லையென்றால் பாதி எண்ணெய் எரியாமல் கரியாகத்தான் போகும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னிடமிருந்த உதிரித் தகட்டை மாட்டினேன். தீ வாயருகே வந்து உட்கார்ந்தது. செத்த நேரத்தில் புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம்.

கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அந்தப் பொம்பளைகிட்ட தகடு கிகடுன்னு சொல்லிராதீங்க. நஷ்டஈடுன்னு வந்து நிக்கும். காத்து இந்தப் பக்கம் திரும்பி அடிச்சுச்சுன்னு சொல்லுங்க. அடுத்த வருசமும் பர்னர் உங்க கையிலதானே இருக்கணும்?"

கேட்டில் அவள் இன்னும் நின்றிருந்தாள்.

"சரியாப் போச்சாண்ணே? எதனாலயாம்?"

"காத்தும்மா. இந்தப் பக்கமா திரும்பி அடிச்சிருக்கு."

என்னை அவள் சந்தேகப்படவில்லை. பர்னரைக் கழற்றிப் பார்த்தவன் நான்தானே.

"அடப்பாவமே. காத்தடிச்சா அவரு என்ன பண்ணுவாரு? காலையில வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேனே."

கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க உள்ளே போனாள். நான் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஜன்னல் வழியாக அவன் குரல் நன்றாகவே கேட்டது.

"சரி சரி, பரவால்ல. இனிமே வெவரம் தெரிஞ்சு பேசு."

அவன் மடையன், தெரியாமல் செய்தான். நான் எல்லாம் தெரிந்தவன். வண்டியை உதைத்துக் கிளப்பினேன். அவள் வெளியே வருவதற்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.