மயில் வரை

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை சாலை போடும் துறையில் இருக்கிறார் என்றுதான் சொன்னார்கள். நானும் தாரும் ஜல்லியுமாக ஒரு மனிதரை மனதில் வைத்திருந்தேன். வந்தவரின் செருப்பில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரர் சாலை போடுகிறவர் இல்லை. போடலாமா என்று ஆராய்கிறவரும் இல்லை. ஆராயும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைப்பவர். குளத்தைப் பார்க்க வேண்டுமா, தூசியைப் பார்க்க வேண்டுமா, எவ்வளவு தூரத்துக்குப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவர்கள் அலுவலகத்தில் ‘ஆய்வு எல்லை’ என்று பெயர். இவருக்கும் ‘எல்லை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு போன் வந்தால், “எல்லை இருக்காரா?” என்பார்கள். ஆரம்பத்தில் ராங் நம்பர் என்று வைத்துவிடுவேன்.

அந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காய் வாங்கி வரச் சொன்னால் என்ன காய், எந்தக் கடை வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் பழம் இதில் சேருமா என்று கேட்பார். நான் கத்த ஆரம்பித்தால் கையைக் கட்டிக்கொண்டு, “இரு, முதல்ல எதைப் பத்தி சண்டைன்னு ஒத்துக்குவோம். காய் மட்டுமா, இல்ல போன வாரம் எங்க அக்கா வந்தப்ப நடந்ததும் சேருமா?” என்பார். எல்லாம் சேரும் என்பேன். “அப்ப ரெண்டு நாள் ஆகும்” என்பார். சிரித்துத் தொலைப்பேன். இந்த மனிதரோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது, போட்டு முடித்தவரும் கிடையாது.

துறைமுகத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய சாலை வருவதாக இருந்தது. அதற்கு ஆய்வு எல்லையை ஒத்துக்கொள்ளப் பதினோரு துறைகள் நாலு வருஷமாகக் கூடிக் கூடிப் பேசின. தவளை கத்துவது சத்தத்தில் சேருமா, உயிரினத்தில் சேருமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. மழை நின்று தவளையும் ஓய்ந்த பிறகு எதிலும் சேராது என்று முடிவானது. ரயில்வேயிலிருந்து வருகிறவர் எதைக் கேட்டாலும், “அது எங்க கீழ வராது” என்பாராம். ஒரு தடவை டீயை நீட்டியபோதும் அப்படியே சொல்லிவிட்டு, பிறகு டீ இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம்.

எனக்குத் தவளையைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் தெருவைப் பற்றித்தான் கவலை. சாலை எங்கள் தெரு வழியாக வரவில்லை. ஒரு மைலுக்கும் கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. ஆனால் அதற்கு மண் அடிக்கிற லாரிகளுக்கு எங்கள் தெருதான் குறுக்குவழி. சாலை முடிகிற வரை பகலெல்லாம் லாரி. எங்கள் வீட்டின் முன்னறை தெருவோடு ஒட்டியது. அதில் ஜன்னலோரக் கட்டிலில் என் மாமனார். பஞ்சு மில்லில் வேலை பார்த்து நெஞ்சிலும் பஞ்சைச் சேர்த்துக்கொண்டவர். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்து வைத்துத் தூசி வந்தால் இருமல் ஆளைத் தூக்கிப் போடும். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெரு ஆய்வு எல்லைக்குள் வந்தால் லாரிக்கு வேறு வழி உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். வராவிட்டால் இங்கே தெருவும் இல்லை, ஜன்னலும் இல்லை, மாமனாரும் இல்லை என்று வைத்துக்கொண்டு லாரி போகும்.

“நீங்கதானே எல்லை? உங்கப்பாவுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

“எங்கப்பாங்கறதாலதான் சொல்லக் கூடாது. சொந்த வீடு சம்பந்தப்பட்டா நான் விலகி நிக்கணும்.”

விலகுவது என்றால் இவருக்கு உடம்போடு விலகுவது. கூட்டத்தில் லாரிப் பேச்சு எடுத்ததுமே எழுந்து போய் வராந்தாவில் நின்றுகொள்வார். முடிந்ததும் வந்து உட்காருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. எங்கள் தெருவைப் பற்றிப் பேசுகிற நேரத்தில், எங்கள் தெருவைத் தெரிந்த ஒரே ஆள் வெளியே தீயணைப்பு வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  அந்த வாளி மண்ணை இவர் தலையிலேயே கொட்ட வேண்டும் போலிருந்தது.

கடைசியில் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள். கூட்டத் தலைவர் கிலோமீட்டரை நம்பாதவர், அதில் சொன்னால் எல்லாம் தூரமாகத் தெரிகிறது என்பார். பேசினால் தானாகவே எழுதிக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் முன்னால் வாயில் பெப்பர்மின்ட்டை ஒதுக்கிக்கொண்டு, ‘சாலையின் இருபுறமும் ஒரு மைல் வரை’ என்றார். கம்ப்யூட்டர், ‘சாலையின் இருபுறமும் ஒரு மயில் வரை’ என்று எழுதிக்கொண்டது. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு வருஷம் ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கு நின்றவர்கள், முடிந்துபோன சந்தோஷத்தில் ஒருவரும் படிக்கவில்லை. அன்றைக்கு லாரி என்ற சொல் கடைசியில் வந்ததால் இவரும் வராந்தாவில் இருந்தார்.

வரைபடம் போடுகிறவர்தான் முதலில் கேட்டார். “மயிலை எங்க சார் வைக்கணும்?”

திருத்தினால் போயிற்று என்று நீங்களும் நானும் நினைப்போம். ஒத்துக்கொண்ட எல்லையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பதினோரு துறையும் திரும்பக் கூடித் திரும்ப ஒத்துக்கொள்ள வேண்டும். மீன்துறைக்குப் புதிதாக வந்தவர் தவளையை மறுபடி எடுக்கக் காத்திருப்பதாக வேறு பேச்சு. தலைவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். “இன்னொரு நாலு வருஷம் பேசறதுக்கு ஒரு மயிலைத் தேடறது சுலபம்யா.”

வனத்துறையிலிருந்து வருகிற அம்மாள் பறவை படித்தவர். அவருக்கு ஒரு சந்தேகம். “இருபுறமும்னு இருக்கு சார். மயில் ஒண்ணுதானே?” அதற்கும் ஒரு கூட்டம் போட்டு, ஒரு பக்கம் மயில், மறுபக்கம் அதே தூரம் என்று சமாதானம் ஆனார்கள். ஊரில் இருந்ததும் ஒரே மயில்தான். லாட்ஜ்காரர் ஒருவர், தங்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று புல்வெளியில் விட்டிருந்தார். அந்த லாட்ஜ் சாலை வரப்போகிற இடத்துக்கு ரொம்பப் பக்கம். எல்லை இவ்வளவு சுருங்குகிறதே என்று தலைவருக்கு வாயெல்லாம் பல். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மைல் என்றாலே எங்கள் தெரு கொஞ்சம் வெளியேதான், இப்போது கிட்டவும் வராது.

இடத்தைப் பார்த்துக் குறிக்கிற நாள் வந்தது. நாலு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு லாட்ஜுக்குள் நுழைந்ததில் மயில் மிரண்டு மதிலேறிப் பறந்துவிட்டது. லாட்ஜிலேயே குறித்துவிடலாம் என்றார் தலைவர். பறவையம்மாள் கறாராக மறுத்துவிட்டார். “மயில் இருந்த இடம்னு எழுதல சார். மயில் வரைன்னுதான் எழுதியிருக்கு. அது எங்க இருக்கோ அதுவரைக்கும் நாம போகணும்.” மயில் சுவர் சுவராகத் தாவ, பின்னாலேயே ஜீப், அதன் பின்னால் அளக்கிற டேப்பை இழுத்துக்கொண்டு இரண்டு பேர்.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படபடவென்று என்னவோ இறங்கியது. எட்டிப் பார்த்தால் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடில் மயில். தோகை கீழே தொங்கி ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்தது.  ஓடி இறங்குவதற்குள் தெரு நிறைய அதிகாரிகள். எல்லாரும் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு தொப்பியும் கையுமாக நின்றார்கள். மாமனார் தோகையை விலக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“என்னம்மா இவ்ளோ கூட்டம்? எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல மாமா. மயிலைப் பாக்க வந்திருக்காங்க.”

“நல்லதும்மா” என்றார். பிறகு இரும ஆரம்பித்தார். நாலு ஜீப் கிளப்பிய தூசி அப்போதுதான் ஜன்னலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

வெளியே வேறு சிக்கல். மயில் வரை என்றால் மயில் உட்கார்ந்த இடமும் சேர்த்தா, இல்லை அதற்கு ஓர் அடி முன்னாலேயே நின்றுவிடுமா? வரை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. எல்லாரும் திரும்பினார்கள். இவர் வழக்கம்போல் விலகித் தெருமுனைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“பாவம், சர்க்கரை வியாதி போல” என்றார் தலைவர். “கூட்டத்துலயும் இப்படித்தான், அடிக்கடி எந்திரிச்சுப் போவாரு.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “அவருக்கு சர்க்கரையும் இல்ல, உப்பும் இல்ல!” என்று கத்தினேன். “ஏங்க! இங்க வாங்க! உங்கப்பா இருமறது அங்க வரைக்கும் கேக்கலயா?”

இவர் வந்தார். தலைவர் கேட்டார், “சொல்லுங்க எல்லை. வரைன்னா இந்த இடம் சேருமா, சேராதா?”

“நான் சொல்லக் கூடாது சார்.”

“நீங்க சொல்லாம வேற யாரு சொல்றது?”

“இது என் வீடு சார்.” கையை ஜன்னல் பக்கம் நீட்டினார். “உள்ள இருமறது எங்கப்பா. நாலு வருஷமா லாரின்னு பேச்சு வந்தாலே நான் வெளிய போயிடுவேன். போகணும்னு விதி. ஆனா ஏன் போறேன்னு நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. சொல்லல. இங்க ஒரு தெரு இருக்குங்கறதே உங்களுக்குத் தெரியாமப் போச்சு.”

 சன்ஷேடில் மயில் ஒருமுறை அகவியது. இவர் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு மறுபடி தெருமுனைக்கே போய் நின்றுகொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

பறவையம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சார், மயில் சன்ஷேடுல இருக்கு. சன்ஷேடு வீட்டோட ஒட்டினது. வீடு தெருவோட ஒட்டினது. அப்ப தெரு மொத்தமும் சேருது.” இதைவிட நல்ல நியாயத்தையெல்லாம் நாலு வருஷமாகக் கிழித்துப் போட்டவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயில்வேக்காரர் ஜன்னலைப் பார்த்தார், உள்ளே மாமனாரின் இருமல் இன்னும் நிற்கவில்லை. “சேருதுன்னே எழுதுங்க” என்றார். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துப் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டார்கள்.

அவர்கள் போன பிறகு இவர் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். “நம்ம தெரு ஆய்வுக்குள்ள வந்துடுச்சுப்பா.”

“அப்ப லாரி வராதா?” என்றார் மாமனார்.

ஒரே ஒரு பொய் சொல்லலாம். எந்த மகனும் சொல்லுவான். இவருக்கு வாய் வரவில்லை. “வேற வழி இருக்கான்னு பாப்பாங்க. இல்லன்னா வரும்பா. ஆனா எவ்ளோ தூசி, அதனால யாருக்கு என்ன ஆகுதுன்னு ஒண்ணு விடாம எழுதியாகணும்.”

மாமனார் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. நான் முதுகைத் தடவினேன், இவர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், அடங்க வெகுநேரம் ஆயிற்று. மூச்சு திரும்பியதும் அவர் கையை நீட்டி, மகனின் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார்.

“இதையும் சேத்துக்கோடா.”