ஆபீஸ் ஹெல்மெட்

எங்கள் வீட்டு ஷூ ஸ்டாண்டின் மேல் ஒரு நீல ஹெல்மெட் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் கொரட்டூரில் எங்கள் வார்டின் பாதித் தலைகள் அதற்குள் போய் வந்திருக்கின்றன. அத்தனைக்கும் என் அவசரக் கைதான் காரணம்.

அப்போது நான் கவுன்சிலர் அக்காவின் ஆபீசில் வேலை பார்த்தேன். மனு கொடுக்க யார் வந்தாலும் அக்காவோடு நிற்கவைத்துப் படமெடுத்து, அடுத்த நிமிடமே வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டால் மனுப் படம், எரிந்தால் நன்றிப் படம். மூன்று வருடத்தில் என் விரல் என்னைக் கேட்காமலேயே அதைச் செய்யப் பழகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை, முகத்தை மூடிய ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் உள்ளே வந்தார். கழிவுநீர் லாரி டிரைவர். அடுக்குமாடி வீடுகளில் உறிஞ்சியதை ஓனர் சொல்படி ஏரியில் திறந்துவிடுகிறோம் என்றார். ஆதாரப் படங்களை ஒரு பெரிய கவரில் கொண்டுவந்திருந்தார். அந்த ஓனர் அக்காவின் கட்சிக்காரர்தான்.

"எம் மூஞ்சி வெளிய தெரிஞ்சா வேல பூடும்க்கா. ரெண்டு பொண்ணுங்க பட்ச்சிகினு கீதுங்க."

"என்னத் தாண்டிப் போவாது நைனா, தைரியமா போ" என்றார் அக்கா. அதற்குள் நான் இருவரையும் படமெடுத்து குரூப்பில் போட்டுவிட்டேன், கும்பிடும் கை பொம்மையோடு.

அழிப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. நல்லவேளை, கவரை நெஞ்சோடு அணைத்திருந்ததால் சட்டைகூடத் தெரியவில்லை, நீல ஹெல்மெட் மட்டும்தான். அக்கா திட்டவில்லை. "ஓடிப்போயி அதே மாதிரி ஒண்ணு வாங்கினு வாடி" என்றார்.

மாலையே அறிவிப்பு வந்தது: இது தலைக்கவச விழிப்புணர்வு வாரம், மனு கொடுப்போர் அனைவரும் ஹெல்மெட்டோடுதான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்ஷன் கேட்டு வந்த பெரியவர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்த புதுப்பெண், எல்லோர் தலையிலும் அதே நீலம். கொண்டை நுழையவில்லை என்று பூக்காரம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

புதன்கிழமை லாரி ஓனர் வந்தார். சேமித்து வைத்திருந்த முதல் படத்தை நீட்டினார்.

"இவன் யாருக்கா? எங்க டிரைவர்கிட்டயும் இத்தே மாதிரி ஒண்ணு கீது."

"அட, அது ஆபீஸ் ஹெல்மெட்டு அண்ணாத்தே. கொஞ்சம் குனிங்க."

குனிந்தார். அக்கா மாட்டிவிட்டார். நான் படமெடுத்துக் குரூப்பில் போட்டேன். அச்சு அசல் அந்த டிரைவரைப் போலவே இருந்தார்.

பிறகு அக்கா கொடுத்த புகாரில் லாரி பிடிபட்டது. யார் சொன்னது என்று கட்சியில் எத்தனையோ முறை கேட்டும், "நாந்தான் பாத்தேன்" என்பதைத் தவிர அக்கா வாய் திறக்கவில்லை. அடுத்த முறை அவருக்கு சீட் கொடுக்கவில்லை. ஆபீசைக் காலி செய்த அன்று ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார். அன்று நான் அழுதேன்.

போன வாரம் நானும் அக்காவும் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து நின்றார். முகம் புதிது.

"நல்லாகீறியாக்கா? பொண்ணுங்க ரெண்டும் வேலைக்குப் போவுதுங்க."

அந்தக் குரல்! என் கை தானாக மொபைலை எடுத்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பையில் போட்டுவிட்டேன்.

"யாரு நைனா நீ? தெர்லயே" என்றார் அக்கா, கண் கலங்க. வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஹெல்மெட்டின் தூசியைத் துடைத்துவைத்தேன்.