ஹெர்னியா என்று சொன்னோம்

என் மகனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இரண்டு விதைகளும் விதைப்பையின் வலப்பக்கத்திலேயே இருக்கின்றன, இடப்பக்கம் காலி. பிறவியிலேயே வந்தது, அபூர்வம். ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இடம் மாற்றி வைத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் விதை கெட்டுப்போகலாம். கூடவே சின்னதாக ஒரு ஹெர்னியாவும் இருந்தது.

டாக்சியில் வரும்போதே என் கணவர் அந்த ஹெர்னியாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆத்துல ஹெர்னியான்னு மட்டும் சொல்லு. நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பார்க்க வேண்டாமா?" இரண்டே பல் முளைத்த பிள்ளைக்குக் கல்யாணக் கவலை!

வங்காளிகள் நிறைந்த லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் மட்டும் மாடிக்கு மாடி தமிழ்க் குடும்பங்கள். சனிக்கிழமை குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தால் யாராவது ஒரு மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் குளியலறைக் கதவைத் தாழிட ஆரம்பித்தேன். "பேரனைத் தொடவே விடமாட்டேங்கறா" என்று மாமியார் கீழ்வீட்டில் போய் அழுதார். உள்ளே நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஆபரேஷன் என்று பேச்செடுத்தபோதுதான் வசமாக மாட்டிக்கொண்டோம். மாமனார் பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஹெர்னியாவுக்கு என்ன அவசரம்? எங்க மேனேஜர் பெல்ட் போட்டுண்டே ரிட்டயர் ஆனார். துர்கா பூஜோ கழியட்டும்" என்றார். பூஜோ கழிந்தது. பிறகு, பனியில் வேண்டாம் என்றார். உண்மை தெரிந்த என் கணவரே, "அப்பா சொல்றதும் நியாயம்தானே" என்று ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது வெறும் ஹெர்னியாவாகிவிட்டது. அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. பிள்ளைக்கு ஒன்றரை வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமியாரைக் குளியலறைக்குள் கூப்பிட்டேன். "நீங்களே தொட்டுப் பாருங்கோம்மா." எண்ணெய்க் கையோடு தொட்டார். இடப்பக்கம் மறுபடி மறுபடி தேடினார். நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுத்த வாரமே பண்ணிடலாம். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்வேள்?"

குழந்தையைத் துண்டில் இறுகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஹெர்னியா பெரிசாயிடுத்துன்னு சொல்றேன். உங்கம்மா கேட்டாலும் நீ அதையே சொல்லு."