பிள்ளை கேட்பவர்களுக்கு வரிசை இல்லை

கல்யாணமாகி ஆறாவது வருஷம், தாராவியிலிருந்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். என் கணவர் தோல் பட்டறையில் பெல்ட் தைப்பவர். லீவு கிடைக்கவில்லை என்றார். கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்தவர்களுக்குத் தனி மேஜை, தனி நர்ஸ், வீட்டுக்குத் திரும்ப வண்டி. எனக்கு எந்த வரிசை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"ஜனத்தொகையில நாடே மூழ்குது. நீ பிள்ளை கேட்டு வந்திருக்கியா?" என்று இந்தியில் கேட்டார்.

அடிவயிற்றில் வலி, சாயங்காலமானால் காய்ச்சல் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. படுக்கச் சொல்லிப் பார்க்கவுமில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் நான்கு முறை போனேன். நான்கு முறையும் அதே மாத்திரைதான்.

அதன் பிறகு ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கும் முனிசிபல் ஊழியரான ஒரு தமிழ்ப் பெண் எங்கள் சந்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப பக்கத்து வீட்ல யாராவது..."

எனக்குத் தலை சூடேறிவிட்டது. "ஏங்க்கா, பிள்ள வேண்டாங்கவள வீடு தேடி வந்து கூப்பிடுதீய. வேணும்னு நா நாலு தடவ வந்தேன். ஒருத்தராவது என்ன ஏதுன்னு பாத்தாவளா? அது நோயில்லையா? நாங்க மனுசங்க இல்லையா?"

சந்தே வேடிக்கை பார்த்தது. அவள் கையிலிருந்த நோட்டை மூடினாள். "நாளைக்கு என்கூட வாங்க. புதுசா ஒரு லேடி டாக்டர் வந்திருக்காங்க," என்றாள்.

அந்த டாக்டர்தான் முறையாகச் சோதித்தார். கருப்பையில் டி.பி. "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பழைய மருந்துச் சீட்டுகள் நான்கையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு தேதியாகப் படித்தார்.

டி.பி. மருந்தை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். நோய் போயிற்று. ஆனால் அதற்குள் கருக்குழாய்கள் அடைத்துவிட்டன. சோதனைக் குழாய்க் குழந்தை முறை என்று ஒன்று இருக்கிறதாம். எங்களுக்கு எட்டாத பெரிய ஆஸ்பத்திரிகளில். "சர்க்கார்ல இதுக்கெல்லாம் தர மாட்டாங்க," என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்குத்தான் கணவர் முதல் தடவையாகக் கூட வந்திருந்தார். கேட்டைத் தாண்டியதும், "அல்லா நாடல," என்றார்.

"அல்லா மேல போடாதீங்க மச்சான். வந்த அன்னைக்கே பாத்திருந்தா கொழாய் அடச்சிருக்காது."

ஊரிலிருந்து அவர் உம்மா இரண்டாம் கல்யாணம் பற்றி எழுதிய கடிதங்களுக்கு அவர் பதில் எழுதவில்லை. நாங்கள் இருவராகவே வாழ்ந்தோம்.

பிள்ளையில்லாதவர்களின் வைத்தியத்துக்கு அரசாங்கப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று படித்தவர்கள் நிதானமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த நிதானம் வருவதில்லை. என் கருப்பைக்குப் பூட்டுப் போடச் சொல்லியிருந்தால் முதல் நாளே போட்டு, வண்டியிலும் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.