எட்டா, ஒன்பதா?

ஒரு மன்னர் முடிதுறந்த இடத்தை ஒரு புத்தகத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே மன்னர் இன்னொரு புத்தகத்தில் என்றைக்கு முடிதுறந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறார் அக்கா. இரண்டிலும் ஒரே தேதிதான். அப்படியும் முகம் தெளியவில்லை. "ஒருத்தனைப் பாத்து இன்னொருத்தன் எழுதியிருப்பான்" என்று மூன்றாவது புத்தகத்தை இழுக்கிறார்.

உள்ளூர் வானொலியில் காலைச் செய்திக்கு முன்னால் வருகிற 'இதே நாளில்' அவருடைய நிகழ்ச்சி. எங்கோ ஒரு கப்பல் கிளம்பியது, யாரோ ஒருவர் சிகரத்தில் கால் வைத்தார், ஒரு நாடு கொடியை மாற்றிக்கொண்டது என்று வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் நடந்தவற்றைக் கோத்து வாசிப்பார். குரல் தேன். மனசு முழுக்கச் சந்தேகம். யார் எந்தத் தேதியைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "யார் சொன்னா?" அடுத்தது, "சொன்னவர் அங்க இருந்தாரா?" நிலையத்தில் அவருக்கு 'யார்சொன்னா அக்கா' என்றே பெயர்.

வெளுத்ததெல்லாம் பால் என்று ஊர் நம்பும். அக்கா பாலையே மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் "மழை வருது" என்றால், சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகே "ஆமா" என்பார். "கல்யாணத்தன்னிக்கு என்னை மட்டும் எப்படி நம்பினே?" என்று அவர் கேட்டால், "யாரு நம்பினா?" என்று பதில் வரும்.

நகரத்து ஆற்றில் விடிகாலைப் பனியில் பயணிகள் படகு கவிழ்ந்த செய்தியை ஆண்டுதோறும் ஒன்பதாம் தேதி வாசித்துவந்தார். போன வருடம் வாசித்துவிட்டு வெளியே வந்ததும் தொலைபேசி அடித்தது.

"அம்மா, அது ஒம்போது இல்ல. எட்டு. சாயங்காலம்."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"தண்ணிக்குள்ள இருந்தேன்."

அக்கா அப்போதும் நம்பிவிடவில்லை. முகவரி வாங்கிக்கொண்டு நேரில் போனார். பேசியவர் ஒரு தையல்காரர். பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துத் தருகிறவர்.

"விடிகாலைப் பனியில ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே?" என்று அக்கா தூண்டில் போட்டார்.

"பனி எங்க வந்துச்சு? இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா. கடைசிப் படகு போனப்புறமும் கூட்டம் நிக்குதுன்னு இன்னொரு நடை எடுத்தாங்க. எடுக்கக் கூடாத நடை."

"எல்லாப் புத்தகத்துலயும் பனின்னுதானே இருக்கு?"

"அது படகு முதலாளி எழுதிக் கொடுத்தது. சாயங்காலம்னா தப்பு அவர் மேல. மறுநாள் காலையில பனின்னா, யாரைப் போய்க் கேப்பீங்க?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவோரம் நின்றார். "எட்டாம் தேதி மத்தியானந்தான் ஆஸ்பத்திரியில எங்க பொண்ணு பொறந்தா. அவளைப் பாக்க அக்கரைக்கு வந்தாங்க, இவரும் இவர் தம்பியும். வார்டு வாசல்ல இவர் மட்டும் சொட்டச் சொட்ட நின்னாரு. குழந்தையை நீட்டினேன். வாங்கிக்கல."

தையல்காரர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ஒம்போதுன்னு நீங்க வாசிக்கிறப்பல்லாம், என் தம்பியைப் பனிதான் கொன்னுதுன்னு ஆயிடுதும்மா."

புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டால்? அந்தக் கேள்வி அக்காவை விடவில்லை. அடுத்த வாரமே அக்கரைக்குப் போய், அப்போது அந்த மருத்துவமனையில் இருந்த நர்ஸைத் தேடிப் பிடித்தார். தையல்காரரைப் பற்றி மூச்சுவிடவில்லை. படகு கவிழ்ந்தபோது வேலையில் இருந்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

"இருந்தேனே. அப்பத்தான் விளக்குப் போட்டோம். நடுங்கிக்கிட்டு வந்தவங்களுக்குக் கம்பளி பத்தல. பிரசவ வார்டுல இருந்து உருவிட்டு வந்து போத்தினோம்."

வீட்டுக்கு வந்த அக்கா புத்தக அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். "இத்தனை புத்தகம் வாங்கி வெச்சேன்" என்றார் கணவரிடம். "இத்தனையும் ஒரே வாய். நான் அதுக்கு ஒலிபெருக்கி."

நிலைய மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷமா ஒம்போதுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தினா, அப்ப மத்ததெல்லாம் எப்படின்னு ஜனங்க கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும் சார். கேக்க வேண்டியதுதானே?"

படகு முதலாளியின் பிள்ளைகள்தான் காலை நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் தருகிறவர்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். மேலாளர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்காததே அக்காவுக்கு உறுத்தியது.

இந்த வருடம் எட்டாம் தேதி காலையில், மன்னருக்கும் சிகரத்துக்கும் நடுவே அந்த வரி வந்தது. "இதே நாளில், மாலையில், ஓடக் கூடாத நேரத்தில் ஓட்டப்பட்ட பயணிகள் படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர் சொல்லித் தெரிந்தது." மேலாளர் அன்று முழுவதும் தம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை ஒலிபரப்பு அறையில் புதிதாகத் தட்டச்சு செய்த தாள் ஒன்று அக்காவுக்காகக் காத்திருந்தது. அன்றைய வரிகளோடு, விடிகாலைப் பனியில் கவிழ்ந்த படகும் பழையபடி ஏறியிருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவரே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா தாளைக் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். அதைக் குப்புறத் திருப்பி மேசையில் போட்டு, மேலே தண்ணீர்த் தம்ளரை வைத்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.